நாற்பத்திரண்டு காலடி

"மேற்படி பயனாளி, இக்கடிதம் கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் மருத்துவக் குழுவின் முன் நேரில் ஆஜராகி, தமது உடல் இயலாமை தொடர்வதை உறுதி செய்ய வேண்டும். தவறினால் உதவித்தொகை நிறுத்தப்படும்."

கடிதத்தில் போட்டிருக்கும் தேதி மே 5. உறையின் மேல் தபால் முத்திரை மே 20. என் கைக்கு வந்தது மே 22. பயனாளி இறந்து அன்றோடு ஒன்பது மாதம் நான்கு நாள். இறப்புச் சான்றிதழின் நகலை அதே அலுவலகத்தில் நானே கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் வாங்கி வைத்திருக்கிறேன். அந்தத் தேதி செப்டம்பர் 3.

கடிதம் என் வீட்டுக்கு வரக் காரணம் உண்டு. அவர் அடிக்கடி அறை மாறியவர். விலாசம் மாறினால் பணம் வராமல் போகும் என்று என் வீட்டு எண்ணைக் கொடுத்திருந்தார். நான் தபால் நிலையத்தில் முப்பத்தோரு ஆண்டு வேலை செய்து ஓய்வு பெற்றவன். தேதி முத்திரை குத்திக் குத்தி எதையும் தேதியோடு எழுதிவைக்கும் வழக்கம் வந்துவிட்டது. எந்த வீட்டு நிலைவாசலில் என்ன ஆண்டு செதுக்கியிருக்கிறது, தாமல் ஏரி எந்த வருடம் எந்த நாளில் நிரம்பியது என்று பதினேழு நோட்டுகள் சேர்ந்திருக்கின்றன. இந்தக் குறிப்பில் மட்டும் ஆண்டுகளை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். ஆண்டைச் சொன்னால் அப்போது எந்த நாற்காலியில் யார் இருந்தார் என்று தெரிந்துபோகும். தனி ஆள் யார்மேலும் எனக்குக் கோபமில்லை. ஒரு படிவத்தின் மேல் கோபம். என் மேலும்.

அவர் பெயரையும் எழுதவில்லை. எழுதலாமா என்று கேட்டதில்லை. இனிக் கேட்க முடியாது.

அவருடைய தொழில் பிணைப்பது. தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளுக்குப் பாவு என்று பெயர். பழைய பாவு தீர்ந்து புதுப் பாவு ஏற்றும்போது, பழைய இழையின் முனையையும் புது இழையின் முனையையும் ஒன்றோடொன்று முறுக்கி இணைக்க வேண்டும். முடிச்சுப் போடுவதில்லை. விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரே உருட்டு. ஒரு புடவையின் அகலத்துக்கு ஆயிரக்கணக்கான இழை. ஒன்றை விட்டாலோ, பக்கத்து இழையோடு மாற்றிப் பிணைத்தாலோ, அந்தப் பாவில் நெய்யும் புடவை அத்தனையிலும் அது தெரியும். தறிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, முதுகை வளைத்துக்கொண்டு, ஒரு பகல் முழுக்க அவர் அதைச் செய்வார். வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் ஏதோ சுலோகம் என்று நினைப்பார்கள். எண்ணிக்கைதான்.

வலது கால் குழந்தையிலேயே இளம்பிள்ளை வாதத்தில் போனது. வலது கையைத் தொடையில் ஊன்றி, அந்தக் காலைத் தள்ளித் தள்ளி நடப்பார். நாற்பத்திரண்டு அடி நடப்பார், உட்காருவார். அடி என்றால் அளவுகோல் அடியல்ல, அவர் எடுத்துவைக்கும் காலடி. நாற்பத்திரண்டுக்கு மேல் இடுப்பு பூட்டிக்கொள்ளும். தெருவில் எந்தெந்த வாசற்படியில் உட்காரலாம் என்பது அவருக்கு மனப்பாடம். எங்கள் வீட்டுப் படி அதில் ஒன்று. பழக்கம் அப்படித்தான் தொடங்கியது.

ஒருநாள் படியில் உட்கார்ந்திருந்தவரிடம், பெருமாள் கோயில் நூறுகால் மண்டபத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன்.

"பேருதான் நூறுகாலு. தொண்ணூத்தாறுதான் இருக்குது," என்றார். "எண்ணாமலே எழுதிக்கினு இருக்கியா தபாலு?"

மறுநாள் காலை போய் எண்ணினேன். தொண்ணூற்றாறு. அன்றிலிருந்து அவருக்கு நான் தபாலு, எனக்கு அவர் அக்கா.

ஐயம்பேட்டையில் தங்கை மகள் இருந்தாள். அங்கே போக ஷேர் ஆட்டோ ஏறுவார். ஆள் நிரம்பினால்தான் டிரைவர் வண்டியை எடுப்பார். அதுவரை "ரெண்டு நிமிஷம்மா" என்று சொல்லிக்கொண்டிருப்பார். ஒருமுறை நானும் அந்த வண்டியில் இருந்தேன். டிரைவர் ரெண்டு நிமிஷம் என்றதும் அக்கா சத்தமாக ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தார். அறுபது தாண்டியதும் வண்டியில் இருந்த காலேஜ் பெண்கள் சேர்ந்து எண்ணத் தொடங்கிவிட்டார்கள். நூற்றிருபதில் நிறுத்தி, "ஆச்சுப்பா," என்றார். டிரைவர் தலையில் அடித்துக்கொண்டு வண்டியை எடுத்தார். அதற்குப் பிறகு அவர் ஏறினால் மட்டும் அந்த ஆள் நேரம் சொல்வதில்லை.

இது வேடிக்கை. வேடிக்கை இல்லாததையும் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் பிணைத்து முடித்துக் கூலியும் வாங்கிக்கொண்டு போனவர், மறுநாள் காலை நான்கு இடத்தில் உட்கார்ந்து எழுந்து திரும்ப வந்து நின்றார். வலது கரைப் பக்கம் இரண்டு இழையை மாற்றிப் பிணைத்துவிட்டோமோ என்று சந்தேகம், நெய்ய ஆரம்பிக்க வேண்டாம் என்றார். வீட்டுக்காரர் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். மாறித்தான் இருந்தது. "சொல்லாம இருந்திருந்தா உங்க கைத்தப்புன்னு யாருக்கும் தெரிஞ்சிருக்காதே அக்கா," என்றாராம் அவர். "எனக்குத் தெரியுமே," என்று கீழே உட்கார்ந்து அந்த இரண்டையும் பிரித்துப் பிணைத்துவிட்டுப் போனார். இதை எனக்குச் சொன்னது அந்த வீட்டுக்காரர். இவர் சொன்னதில்லை.

இப்படிப்பட்ட ஆளுக்குத்தான் முதல் மறுமதிப்பீட்டுக் கடிதம் வந்தது. இப்போது வந்த கடிதத்துக்கு மூன்றாண்டு முன்பு. கடிதத் தேதி ஜூன் 2, வந்தது ஜூன் 18, ஆஜராக வேண்டியது ஜூன் 24. மாதாமாதம் வரும் அந்தப் பணத்தில் அவருடைய அறை வாடகையும் இடுப்புவலி மாத்திரையும் ஓடின. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அந்தப் பணம் இருந்ததால், மாடியில் தறி போட்டிருக்கும் வீட்டு வேலையை வேண்டாம் என்று சொல்ல அவரால் முடிந்தது. அது நின்றால் படி ஏறியாக வேண்டும்.

கையில் ஆறு நாள். அசல் சான்றிதழ், நகல்கள், ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம். "ஊனம் தெளிவாகத் தெரியும்படியான முழு உருவப் புகைப்படம்" ஒன்று. ஸ்டுடியோக்காரர் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். எவ்வளவு என்று கேட்டார் அக்கா. முழங்கால் தெரியட்டும் என்றார் அவர். கடிதத்தில் அளவு போட்டிருக்கிறதா என்று இவர் என்னைப் பார்த்தார். போடவில்லை. கணுக்காலுக்கு மேல் நான்கு விரற்கடை அளந்து பிடித்துக்கொண்டு, "இவ்ளோதான். இதுல தெரியலன்னா அவங்க கண்ணுல கோளாறு," என்றார். போட்டோ எடுத்து முடியும்வரை நான் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபது வயதுப் பெண்மணியைப் புடவை தூக்க வைக்க ஒரு வரி எழுதினவன், எந்த மேசையில் உட்கார்ந்து அதை எழுதினானோ.

ஜெராக்ஸ் கடைக்காரருக்கு இந்த விவகாரத்தில் அனுபவம் அதிகம். "சார், நடந்து போகவே கூடாது. ரெண்டு பேரு தூக்கிக்கினு போங்க. தல வாராம, பழைய புடவையா கட்டிக்கச் சொல்லுங்க. கேள்வி கேட்டா முடியாது, முடியாது, முடியாது. மேட்டரு முடிஞ்சுது." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அப்படிப் போனவர்களுக்குத்தான் கிடைத்தது என்பதைப் பார்த்தவர்.

அக்கா அவரிடம், "இத்தினி வருஷத்துல என்னிய எவன் தூக்கினான்?" என்று மட்டும் கேட்டார்.

அன்று மாலை என் வீட்டில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினோம். பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கட்டம். ஆம், இல்லை. எனக்கு எழுத்தெல்லாம் தெரியாது, எண்ணிக்கைதான் தெரியும் என்பார் அக்கா எப்போதும். அதனால் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். ஆறு கேள்வி சிக்கலில்லாமல் போனது. ஏழாவது: உதவியின்றி நடக்க இயலுமா?

"நாப்பத்திரண்டு அடி," என்றார்.

ஆம் அல்லது இல்லை என்றுதான் எழுத இடமிருக்கிறது, இல்லை என்று போட்டுவிடுகிறேன் என்றேன்.

"நடக்கறனே. இல்லன்னு எப்பிடிப் போடுவ?"

"அப்ப ஆம்னு போட்டா, ஊரு சுத்தி நடப்பீங்கன்னு நினைச்சுக்குவாங்கக்கா."

"அதுவும் பொய்யி. நாப்பத்திரண்டு அடி, அப்பறம் குந்தணும். அத்த எழுது. எழுதத் தெரிஞ்ச ஆளுதான நீ?"

இங்கேதான் என் தப்பு. நான் மறுத்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பதில் எனக்குப் பிடித்துப்போனது. என் நோட்டுகளில் நான் எழுத ஆசைப்படும் வாக்கியம் அது: அளவோடு, கூட்டாமல், குறைக்காமல். கட்டத்துக்கு வெளியே, பொடி எழுத்தில், "ஆம், நாற்பத்திரண்டு காலடி வரை, அதன்பின் உட்கார வேண்டும்" என்று அழகாக எழுதினேன். எழுதிவிட்டு அதைப் படித்தும் காட்டினேன். இரண்டு பேருக்கும் திருப்தி. இப்படி ஒரு முட்டாள்தனத்தை எங்கள் இரண்டு பேரைத் தவிர இந்த ஊரில் வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

ஜூன் 24. ஆட்டோவை மருத்துவமனை வாசலிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். வாசலிலிருந்து குழு உட்கார்ந்திருந்த அறை வரை ஐந்து முறை உட்கார்ந்தார். ஒருமுறை மருந்துப் பெட்டியின் மேல், ஒருமுறை தரையில். உள்ளே என்னை விடவில்லை. கதவைத் திறந்து அவர் போனதையும், நான்கு நிமிடத்தில் திரும்பியதையும் பார்த்தேன்.

என்ன கேட்டார்கள் என்றேன்.

"நடப்பியான்னாரு. சொன்னேன். அவுரு எழுதிக்கினு இருந்தாரு, நிமிரல." கொஞ்ச தூரம் எண்ணிக்கொண்டே நடந்துவிட்டு, உட்கார்ந்த பிறகு சொன்னார்: "கதவாண்டேருந்து நாற்காலிக்குப் பதினோரு அடி தபாலு. அத்தத்தான் பாத்தாரு."

ஜூலை 15 தேதியிட்டு உத்தரவு வந்தது. "பயனாளி தாமாகவே நடந்து வந்தார். நடக்க இயலும் என விண்ணப்பத்திலும் தெரிவித்துள்ளார்." உதவித்தொகை நிறுத்தம்.

நான் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த பெண் ஊழியர் மரியாதையாகவே பேசினார். கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஏழாம் கேள்விக்கு நேரே ஆம் என்று இருந்தது. காகிதத்தில் நாற்பத்திரண்டு அடி என்று எழுதியிருக்கிறேனே என்றேன்.

"பாத்தேன் சார். ஆம்னு ஆரம்பிச்சிருக்கீங்க. மீதிய எங்க சார் போடறது? அதுக்கு இடமே இல்லையே."

அவர் சொன்னது சரி. இடம் இல்லை. அந்தத் திரையில் ஒரு மனுஷி நடக்கலாம், அல்லது நடக்காமல் இருக்கலாம். நாற்பத்திரண்டு அடி நடந்து உட்காருகிறவருக்கு அதில் இடமே வைக்கவில்லை. பகல் முழுக்க ஆயிரக்கணக்கான இழையை ஒன்றுகூட மாறாமல் சேர்க்கிற ஒருத்தியிடம், அரை வாக்கியத்தைக்கூடச் சேர்த்து வாங்கிக்கொள்ளத் துப்பில்லாத ஒரு படிவம், நீ யார் என்று விசாரிக்கிறது. அன்று வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதியதைப் பாதியில் கிழித்துப்போட்டேன். என் நோட்டுகளில் கிழிந்த பக்கம் அது ஒன்றுதான்.

ஆகஸ்டிலிருந்து மாடி வீட்டு வேலைகளை எடுத்துக்கொள்ள ஆரம்பித்தார். படியில் நடக்கவில்லை. முதுகைப் படிக்குக் காட்டி உட்கார்ந்து, கையை ஊன்றி, ஒவ்வொரு படியாகப் பின்னால் ஏறுவார். பதினேழு படி, பத்தொன்பது படி என்று வீட்டுக்கு வீடு எனக்குக் கணக்குச் சொன்னார், ஏதோ அந்த வீடுகளின் விசேஷம்போல. இடுப்பு வீங்கியது. என் வீட்டுப் படியில் உட்காருபவர், இப்போது இரண்டு வீட்டுக்கு முன்பே உட்கார்ந்தார்.

மேல்முறையீடு செய்யலாம் என்று உத்தரவின் கீழே ஒரு வரி இருந்தது. நான் படிவத்தை வாங்கிவந்தேன். அதற்கு முந்தைய ஞாயிறு, மனம் ஆறாமல், திருமுக்கூடல் போயிருந்தேன். மூன்று ஆறு சேரும் இடத்துக் கோயில். சுவரில் சோழர் காலத்துக் கல்வெட்டு. அங்கே நடந்த ஓர் ஆதுலர் சாலையைப் பற்றிச் சொல்கிறது. ஆதுலர் சாலை என்றால் மருத்துவமனை. பதினைந்து படுக்கை, வைத்தியர், மருந்து கொண்டுவருபவர், இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பெயர் எல்லாம் உண்டு. நோயாளி மூன்றாண்டுக்கு ஒருமுறை வந்து தன் நோயை நிரூபிக்க வேண்டும் என்று இல்லை. நான் படித்தது அச்சில் வந்த வாசகம். சுவரில் நேராகப் படிக்கும் திறமை எனக்குக் கிடையாது. அக்காவிடம் இதைச் சொன்னேன், கொஞ்சம் ஆவேசமாகவே.

"பதினாறாவது ஆளு வந்தா என்னா பண்ணாங்களாம்?" என்று கேட்டார்.

மேல்முறையீட்டுப் படிவத்திலும் அதே பத்துக் கேள்வி. செப்டம்பர் 8 அன்று அவர் ஒரு வீட்டில் பிணைத்துக்கொண்டிருந்தார். நான் அங்கேயே போனேன். ஏழாவதற்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். இழையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இப்ப முப்பத்தொன்னு. திருத்திக்கோ," என்றார்.

சரி என்றேன். தறிக்கு இந்தப் பக்கம் வந்து, தூணில் காகிதத்தை வைத்து, ஏழாம் கேள்விக்கு நேரே "இல்லை" என்ற கட்டத்தில் குறி போட்டேன். பக்கத்தில் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. முப்பத்தோரு ஆண்டில் ஒரு முத்திரையைக்கூடத் தேதி மாற்றிக் குத்தாதவன் நான்.

கைநாட்டுக்காகக் காகிதத்தை அவரிடம் நீட்டினேன். கையில் வாங்கிக்கொண்டார்.

"எத்தினி கேள்வி?"

"அதே பத்துதான்."

விரலை மேலிருந்து கீழாகக் கொண்டுபோனார். முதல் தடவைபோல் படித்துக் காட்டச் சொல்லவில்லை.

"நான் சொன்னத எழுதினியா தபாலு?"

"எழுதினேன்கா."

கட்டைவிரலை மையில் ஒற்றிக் காகிதத்தில் வைத்தார். சாம்பலும் பட்டும் தேய்த்துத் தேய்த்து ரேகை போய்விட்ட விரல். விழுந்தது கோடே இல்லாத ஒரு கரும்பொட்டு. அதைப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் அழிச்சிட்டேன் பாரு," என்று சிரித்தார். பிறகு திரும்பி, விட்ட இடத்திலிருந்து எண்ண ஆரம்பித்தார்.

நவம்பர் 20 தேதியிட்டு உதவித்தொகையை மீண்டும் வழங்க உத்தரவு வந்தது. யாரும் அவரைக் கூப்பிடவில்லை, பார்க்கவில்லை. திரையில் "ஆம்" இருந்த இடத்தில் "இல்லை" வந்தது, அவ்வளவுதான். உண்மையைச் சொன்னபோது பறித்துக்கொண்டார்கள். பொய்யைச் சொன்னதும் கொடுத்துவிட்டார்கள். எனக்கு இதைவிட ஆத்திரம் தந்த நல்ல செய்தி வேறு வந்ததில்லை. அக்கா மாடி வேலைகளை நிறுத்தினார். ஆனால் நாற்பத்திரண்டு திரும்ப வரவில்லை. கடைசி வரை முப்பத்தொன்று, இருபத்தெட்டு, இருபது என்றுதான் போனது. இரண்டு ஆண்டு நிறையும் முன், ஆகஸ்ட் 18 அன்று ஐயம்பேட்டையில், தங்கை மகள் வீட்டில் இறந்தார்.

இந்த மே மாதக் கடிதத்தோடும் அதே படிவம் இணைத்திருந்தார்கள். அதை நிரப்பினேன். ஏழாம் கேள்விக்கு இல்லை என்று குறி போட்டேன். இந்த முறை கை கூசவில்லை. இறப்புச் சான்றிதழின் இன்னொரு நகலையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

அதற்காகப் பழைய கோப்பை எடுத்தபோதுதான் கவனித்தேன். மேல்முறையீட்டுப் படிவத்தைக் கொடுக்கும் முன் நான் எடுத்துவைத்த ஜெராக்ஸ். ஏழாம் கேள்வியில், இல்லை என்ற சொல்லின் மேல், விரல் நுனி அளவுக்கு ஒரு சாம்பல் நிறக் கறை. மற்ற ஒன்பது கேள்விகளின் மேல் ஒன்றும் இல்லை. ஜெராக்ஸ் மெஷினின் அழுக்காக இருக்கலாம் என்று அதே நாளில் எடுத்த மற்றப் பக்கங்களைப் பார்த்தேன். அவை சுத்தமாக இருந்தன. அன்று இந்தப் பக்கத்தின் மேல் போனது சாம்பல் தொட்ட அவர் விரல்.

கடிதத்தோடு ஐயம்பேட்டை போய், அக்காவுக்குப் படிக்கத் தெரியுமா என்று தங்கை மகளிடம் கேட்டேன். "பெரிம்மா மூணாவது வரைக்கும் போச்சுன்னு எங்கம்மா சொல்லும் சார். ஆனா எதையும் படிச்சு நான் பாத்ததில்ல," என்றாள். எந்தப் பள்ளி என்றும் சொன்னாள். ஜூன் 9 அன்று அங்கே போய், அவர் படித்ததற்கான பதிவைக் கேட்டு எழுதிக் கொடுத்தேன். அந்தக் காலத்துச் சேர்க்கைப் பதிவேடுகள் மூட்டையாகக் கட்டிக் கிடக்கின்றன, தேடிப் பார்க்கிறோம் என்றார்கள். இன்றுவரை பதில் இல்லை. மூன்றாவது வரை படித்தவர் என்றே வைத்துக்கொண்டாலும், "இல்லை" என்ற சொல்லை அவரால் அன்று படிக்க முடிந்ததா என்பது சரிபார்க்கப்படவில்லை.